கோப்பியின் பெயர் பூண்ட தேயிலை அந்து

இரவிற் பறக்கும் சிறு பூச்சிகளுக்குத் தமிழ் மக்கள் இரு பெயர்களை நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். விளக்கொளியை நாடி வந்து வீழ்வது விட்டில் எனப்பட்டது. சேமித்த தானியத்தில் தோன்றி அதனை அழிப்பது அந்து எனப்பட்டது. பூச்சி மனிதனுடைய கண்ணிற் படும் இடமும் அது அவனுக்கு விளைக்கும் கேடுமே இப்பெயர்களாற் குறிக்கப்பட்டன. காட்டின் உள்ளே, மனிதனுடைய விளக்கும் களஞ்சியமும் இல்லாத இடத்தில், பல்லாயிரம் அந்துகள் பெயரின்றியே வாழ்ந்தன. அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, உருவினை விரித்துரைத்து, நூலிற் பதியும் முயற்சி இலங்கையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் முறையாகத் தொடங்கிற்று. அம்முயற்சி காடு அழிந்த காலத்தோடு ஒன்றியே நிகழ்ந்தது என்பது சிந்தித்தற்குரியது.

பதுளை மாவட்டத்திற் கொஸ்லந்தைக்கு அண்மையில், மலைச்சரிவில் அமைந்தது மீரியபெத்த. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் மலை சரிந்து இலயங்களைப் புதைத்த பின்னரே அப்பெயரை நாட்டினர் பலரும் அறிந்தனர். அதற்கு முன்னர்ப் பல தலைமுறைகளாக அது ஊவாவின் எண்ணற்ற தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றாகவே இருந்தது. அத்தகைய சரிவுகளிற் கொழுந்து பறித்த கைகள் தேயிலை இலையின் மேற்புறத்தில் மஞ்சள் நிறமான சிறு படலம் போன்ற முட்டைத் திரளையும், நூலால் இணைத்து மடிக்கப்பட்ட இலைகளையும், அவற்றினுள்ளே நெளியும் பச்சைப் புழுவையும் அறியும். இலைச்சுருட்டுப் புழு எனப்படும் அவ்வுயிரே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். அறிவியல் அதற்கு வழங்கும் பெயர் ஹொமோனா கொபியாரியா என்பது. தேயிலையை உண்ணும் பூச்சி கோப்பியின் பெயரைத் தாங்கி நிற்பது எவ்வாறு நேர்ந்தது என்னும் வினாவுக்கு விடை தேடின், ஊவாவின் வரலாறும் மலைநாட்டு மக்களின் வரலாறும் அதனோடு சேர்ந்து வெளிப்படும்.

புதிய இனமொன்றை விவரித்தல் என்பது யாது? சுவீடன் நாட்டு அறிஞராகிய இலினேயஸ் 1758 ஆம் ஆண்டில் வெளியிட்ட இயற்கை ஒழுங்குமுறை என்னும் நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் பெயரீட்டுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. சாதிப் பெயர் ஒன்றும் இனப் பெயர் ஒன்றுமாக இரண்டு சொற்களால் ஓருயிரைக் குறித்தல் அவர் வகுத்த முறை. கண்ட பூச்சிக்குப் பெயர் சூட்டுவதனால் மட்டும் அப்பெயர் நிலைபெறாது. பூச்சியின் சிறகு, உணர்கொம்பு, நிறம், வரி ஆகியவற்றை விரித்துரைத்து அச்சிற் பதித்தல் வேண்டும். எந்த மாதிரியைக் கண்டு உரைத்தனரோ அம்மாதிரியைப் பிற்காலத்தார் மீண்டும் நோக்குதற்காகப் பேணுதலும் வேண்டும். அதன் கீழ்ச் செருகப்பெறும் சிறு துண்டுக் கடதாசியில் ஊரும் நாளும் பிடித்தவர் பெயரும் எழுதப்பெறும். ஒரே உயிருக்குப் பலர் பல பெயரிடின், முதலில் அச்சேறிய பெயரே பொதுவாக நிலைக்கும். இவ்விதிகள் நீதிமன்றத்தின் சான்றுவிதிகளை ஒத்தவை. கண்டேன் என்று சொல்வது போதாது. கண்டதைப் பிறரும் காணுமாறு வைத்தல் வேண்டும்.

இலங்கையின் மலைநாட்டில் இவ்வகைச் சான்றினை வைத்தவர்களுள் ஒருவர் செருமானியராகிய யோன் நீற்னர் என்பார். அவர் இறம்பொடைப் பகுதியிற் கோப்பி பயிரிட்டு வாழ்ந்தவர். பூச்சிகளைச் சேர்த்து ஆராய்வதில் ஆர்வமுடையவர். 1861 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பி மரத்தின் பகைகளைப் பற்றிய சிறு நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். அந்நூல் தோட்ட உரிமையாளருக்குப் பயன்படுமாறு எழுதப்பெற்ற கைந்நூல். கோப்பிச் செடியின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகளும், தண்டைத் துளைப்பனவும், இலையை உண்பனவும் அதில் வரிசையாக உரைக்கப்பட்டன. இலையைச் சுருட்டும் சிறு அந்தொன்றுக்கு அந்நூலில் அவர் இட்ட பெயர் டோர்ட்ரிக்ஸ் கொபியாரியா என்பதாகும்.

டோர்ட்ரிக்ஸ் என்னும் இலத்தீன் சொல் முறுக்குபவள் எனப் பொருள்படும். ஆகவே தோட்டத்துத் தொழிலாளர் சுருட்டுப் புழு என்றதும் அறிஞர் டோர்ட்ரிக்ஸ் என்றதும் பொருளால் ஏறக்குறைய ஒன்றே. இரு சாராரும் ஒரு தொழிலையே நோக்கினர். ஆயின் ஒரு சாரார் கண்டது அச்சேறிற்று. மற்றையோர் கண்டது வாய்ச்சொல்லாகவே நின்றது. கொபியாரியா என்னும் இரண்டாஞ் சொல் கோப்பிக்குரியது என்னும் பொருளது. நீற்னர் அப்பூச்சியைக் கண்டது கோப்பிச் செடியில். அக்காலத்தில் மலைநாடு முழுவதும் கோப்பியே பரந்திருந்தது. பின்னர் ஆராய்ச்சி வளர, இவ்வினம் பிரித்தானிய அரும்பொருளகத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் வோக்கர் 1863 ஆம் ஆண்டில் அமைத்த ஹொமோனா என்னும் சாதியிற் சேர்க்கப்பட்டது. சாதி மாறினும் இனப்பெயர் மாறவில்லை. முதலிற் பெயரிட்டவர் வைத்த சாதியினின்றும் இனம் இடம்பெயர்ந்துள்ளது என்பதனைக் காட்டுதற்காகவே இன்றும் நீற்னர் பெயர் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றது.

அந்நூல் வெளிவந்து எட்டு ஆண்டுகளில் ஊவாவிலிருந்து ஒரு தீச்செய்தி வந்தது. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராகிய துவேயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற பேர்க்லி என்பார் அவற்றை ஆராய்ந்து, புரூம் என்பாருடன் சேர்ந்து, அவ்வாண்டிலேயே அப்பங்கசுக்கு ஹெமிலேயா வாஸ்தாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். வாஸ்தாத்திரிக்ஸ் என்றால் பாழ்செய்பவள் என்பது பொருள். பெயர் விரைந்து வந்தது, மருந்து வரவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன.

யேம்ஸ் டெயிலர் என்பார் 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. கோப்பிக் காலத்திற் பருவத்துக்கு வந்து மீண்ட தென்னிந்தியத் தொழிலாளர், தேயிலைக் காலத்தில் ஆண்டு முழுவதும் தங்கி உழைக்க வேண்டியவராயினர். இலயங்கள் எழுந்தன. குடும்பங்கள் வேரூன்றின. கோப்பியை உண்ட சுருட்டுப் புழு அழிந்துபோகவில்லை. அது தேயிலைக்கு மாறிற்று. அதன் வாய்க்குப் பல செடிகள் ஏற்றவை. காடும் கலப்பு மரங்களும் இருந்த காலத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வாழ்ந்த பூச்சிக்கு, மலை தோறும் ஒரே செடியாக விரிந்த தேயிலை வற்றாத உணவுக் களஞ்சியமாயிற்று. அதனைப் பீடையாக்கியது நிலத்தில் மனிதன் செய்த மாற்றமே. இவ்வாறு கோப்பியின் பெயர் கோப்பி மறைந்த பின்னும் ஓர் அந்தின் பெயரில் எஞ்சி நிற்கின்றது.

இக்காலத்தில் இலங்கையின் அந்துகளையும் வண்ணத்துப் பூச்சிகளையும் பற்றிய பேரேடுகள் தோன்றின. பிரெடெரிக் மூர் என்பார் எழுதிய இலங்கைச் செதிற்சிறகிகள் என்னும் நூல் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. அந்நூலின் வண்ணப்படங்களுக்கு ஆதாரமாய் அமைந்த ஓவியங்கள் துவேயிற்ஸின் மேற்பார்வையிற் பேராதனையில் வரையப்பட்டவை. அவற்றை வரைந்தோர் டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியர். உயிருள்ள புழுவையும் கூட்டுப்புழுவையும் அவை உண்ட இலையோடு சேர்த்து அவர்கள் வரைந்தமையினாலே, இலண்டனில் இருந்தவர் ஊசியிற் குத்திய உலர்ந்த பூச்சியில் ஒருபோதும் காணவியலாத செய்திகள் நூலில் இடம்பெற்றன. அவர்களுக்குப் பின், நீலகிரியிற் பயிர்த்தொழில் செய்து பிரித்தானிய அரும்பொருளகஞ் சென்ற ஹாம்ஸன் 1892 முதல் 1896 வரை இந்திய, இலங்கை அந்துகளை நான்கு தொகுதிகளில் வகுத்துரைத்தார். மார்ல்பரோக் கல்லூரி ஆசிரியராகிய மேரிக் தம் வாழ்நாளில் 14,000 க்கு மேற்பட்ட சிற்றந்து இனங்களை விவரித்தார். ஊவாவின் தியத்தலாவை, மடுல்சீமை முதலிய ஊர்ப்பெயர்கள் அவருடைய இலங்கை விவரிப்புக்களில் இடம்பெறுகின்றன. அப்பூச்சிகளைச் சேர்த்து அனுப்பியோர் தோட்டத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் ஆவர். பிடித்தவர் பெயருக்கெனத் துண்டுக் கடதாசியில் விடப்பட்ட இடத்தில் அவர்கள் பெயரே எழுதப்பட்டது.

இனி, பெயரிடப்பட்ட பூச்சியின் வாழ்க்கையை நோக்குதல் வேண்டும். பெண் அந்து தேயிலையின் முற்றிய இலையின் மேற்புறத்தில் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகளை மீன் செதில் போல ஒன்றன்மேலொன்று சாய்ந்திருக்குமாறு இடும். வெளிவரும் புழுக்கள் நூலிழையில் தொங்கிக் காற்றினால் அயற்செடிகளுக்குப் பரவும். ஒவ்வொரு புழுவும் இளங்கொழுந்தினுட் புகுந்து, பின்னர் இரண்டு இலைகளை நூலால் இணைத்துக் கூடமைத்து, அதனுள் மறைந்திருந்து உண்ணும். கூட்டுப்புழுப் பருவமும் அவ்விலைக் கூட்டினுள்ளேயே கழியும். வெளிவரும் அந்து பழுப்பு மஞ்சள் நிறமுடையது. சிறகை மடித்து அமர்ந்திருக்கும்போது மணியின் வடிவினை ஒக்கும். காய்ந்த தேயிலை இலைத் துண்டென்றே காண்போர் மயங்குவர். கூட்டினுள் வாழும் இவ்வியல்பே இதனை ஒழித்தற்கரிய பகையாக்கிற்று. தெளிக்கும் மருந்து கூட்டின் புறத்திலேயே நின்றுவிடும். அகத்துள்ள புழுவைச் சேராது. மேலும், குடிக்கும் பொருளாகிய தேயிலையில் நஞ்சினைத் தெளித்தல் ஆகாது என்னும் அச்சமும் அக்காலத்து இருந்தது.

ஆகவே கையாற் பொறுக்குதலே வழியாயிற்று. நிரை நிரையாகச் சென்று முட்டைத் திரள் ஒட்டிய இலைகளைக் கிள்ளிச் சேர்க்கும் வேலை தோட்டங்களில் நடைபெற்றது. அவ்வேலைக்கு வேண்டிய அறிவு சிறிதன்று. பச்சை இலைமேல் ஒளிக்கேற்ப மின்னி மறையும் மெல்லிய படலத்தைப் பல்லாயிரம் இலைகளின் நடுவே கண்டுபிடித்தற்குப் பயின்ற கண் வேண்டும். எந்தச் சரிவில், எந்தக் காலநிலையில், கவ்வாத்துச் செய்து எத்தனை மாதங்களுக்குப் பின் புழு மிகும் என்பதனைக் கொழுந்து பறிப்போர் அறிந்திருந்தனர். புழுவின் கணக்கினை ஆராய்ச்சியாளர் எழுதினர். அக்கணக்குக்கு வேண்டிய முட்டைகளைத் தேடித் தந்த கண்கள் பெயரின்றியே நின்றன.

1925 ஆம் ஆண்டில் இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய கட் என்பார், சாவகத் தீவில் இச்சுருட்டுப் புழு இலங்கையிற் போலப் பெருங்கேடு விளைப்பதில்லை என்பதிற் கருத்தூன்றினார். அங்கே அதனைத் தாக்கும் சிறு குளவியொன்று உண்டு. அக்குளவி இளம் புழுவினுள் முட்டையிடும். அம்முட்டை தன்னுள்ளேயே பலவாகப் பிரிந்து பல குளவிகளாக வளரும். வளர்ந்தவை புழுவைக் கொன்று வெளிவரும். 1935, 1936 ஆம் ஆண்டுகளில் அக்குளவி சாவகத்திலிருந்து கொணரப்பெற்று இலங்கைத் தோட்டங்களில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் அது மலைநாடெங்கும் பரவிற்று. பெரும் பீடையாயிருந்த சுருட்டுப் புழு சிறு பீடையாகத் தாழ்ந்தது. ஓருயிரைக் கொண்டு மற்றோருயிரை அடக்கும் முறைக்கு உலகம் எடுத்துக்காட்டும் வெற்றிகளுள் இதுவும் ஒன்றாகும்.

இங்கே பெயரீட்டைப் பற்றிய ஓர் அரிய செய்தி உண்டு. அக்குளவி இலங்கைக்கு வந்து வேலையைத் தொடங்கியபோது அதற்கு முறையான அறிவியற் பெயர் இருக்கவில்லை. நிக்ஸன் என்னும் பூச்சியியல் அறிஞர் 1938 ஆம் ஆண்டிலேயே அதனைப் புதிய இனமாக விவரித்து மக்ரோசென்ரஸ் ஹொமோனே எனப் பெயரிட்டார். கோப்பிப் பங்கசு பெயரைப் பெற்ற பின்னும் எவராலும் தடுக்கப்படவில்லை. இக்குளவியோ பெயரைப் பெறுமுன்னரே தன் தொழிலைச் செய்து முடித்தது. பெயர் இன்றியும் ஓருயிரை உற்று நோக்கிப் பயன்கொள்ளலாம் என்பதற்கும், பெயரிட்ட பின்னும் நோக்காதொழிந்தாற் பயனில்லை என்பதற்கும் இவ்விரண்டும் சான்றாகும்.

நோக்காதொழிந்ததன் விளைவு இருபது ஆண்டுகளிற் புலப்பட்டது. தேயிலைத் தண்டைத் துளைத்துச் செடியை முறிக்கும் சிறு வண்டொன்றை ஒழித்தற்பொருட்டு 1950 களின் பிற்பகுதியில் தீல்திரின் என்னும் நெடுநாள் நிலைக்கும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது. ஆயின் தெளித்த இடங்களிற் சுருட்டுப் புழு மீண்டும் பெருகிற்று. நஞ்சு குளவியைக் கொன்றது. இலைக் கூட்டினுள் மறைந்திருந்த புழுவோ தப்பிற்று. ஆராய்ச்சி நிலையத்தினர் காரணத்தை ஆராய்ந்து கண்டு வெளியிட்டனர். கிரன்ஹாம் என்பார் 1966 ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைப் பீடைகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். அமெரிக்க அறிஞராகிய இரேச்சல் கார்சன் பூச்சிகொல்லிகளின் தீங்கினை உலகறியச் செய்த மௌன வசந்தம் வெளிவந்தது 1962 ஆம் ஆண்டில். அவர் எச்சரித்த கேட்டின் வகையொன்றை இலங்கையின் தேயிலைச் செடிகள் அதற்கு முன்னரே காட்டிவிட்டன. 2001 ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை உலகளாவிய தடைக்கென முதலில் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு நச்சுப்பொருள்களுள் தீல்திரினும் ஒன்று.

விவரிப்பின் நுட்பத்தைக் காட்டும் பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. யப்பானியத் தேயிலையில் இலை சுருட்டும் அந்தினையும் அறிஞர் நெடுங்காலம் கொபியாரியா என்றே கருதினர். தியாகொனொஃப் என்பார் 1948 ஆம் ஆண்டில் ஹொமோனா மக்னானிமா என்னும் புதிய இனத்தை விவரித்தார். யப்பானிற் கேடு விளைத்தது அவ்வினமே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. புறத்தோற்றத்தில் உடன்பிறந்தன போன்ற இவற்றைப் பிறப்புறுப்புக்களின் அமைப்பே பிரித்துக் காட்டும். இனம் வேறாயின் அதன் பகையும் வேறாகலாம். பெண் ஆணை அழைக்கும் மணப்பொருளும் வேறாகலாம். ஓரினத்துக்கென வகுத்த பரிகாரம் மற்றோரினத்துக்கு உதவும் என்று முன்கூட்டியே கொள்ளுதல் இயலாது. ஆகவே இன விவரிப்பு அரும்பொருளகத்தாரின் பொழுதுபோக்கென எண்ணுவது தவறு. உழவனின் நட்டமும் ஆதாயமும் அதிலே தங்கியுள்ளன.

1948 ஆம் ஆண்டு மலைநாட்டுக்குப் பிறிதொரு வகையிலும் குறிக்கத்தக்கது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பரம்பரையை ஆவணத்தாற் காட்டுமாறு கேட்டது. தலைமுறைகளாக அம்மலைகளில் உழைத்தவராயினும் காட்டுதற்கு எழுத்துச் சான்று இல்லாத தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்கள் கைகளாற் பொறுக்கிய புழுவுக்கு 1861 முதல் ஐயத்துக்கிடமில்லாத பதிவு இருந்தது, அவர்களுக்கோ இருக்கவில்லை. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுட் பலரைக் கடல் கடத்திற்று. எஞ்சியோரின் குடியுரிமைக் குறை தீர்தற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பதிவேடுகளின் ஆற்றலை இதனினும் தெளிவாக உணர்த்தும் ஒப்புமை காண்டல் அரிது.

மீரியபெத்தவின் நிகழ்ச்சியும் இவ்வரலாற்றோடு தொடர்புடையது. அம்மலைச்சரிவு ஆபத்தானது எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே கண்டறிந்து அறிவித்திருந்தது. சரிவு விவரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் இலயங்கள் அங்கேயே இருந்தன. மக்களும் அங்கேயே இருந்தனர். மடுல்சீமையின் நோயுற்ற இலைக்குப் பெயர் வந்தும் கோப்பி பிழைக்காதது போல, எச்சரிக்கை எழுதப்பட்டும் உயிர்கள் பிழைக்கவில்லை. கோப்பிக்கு அன்று மருந்து இருக்கவில்லை. மீரியபெத்தவுக்கு இருந்தது, இடம் மாற்றுதலே அம்மருந்து.

இலங்கையின் ஈரமலைக் காடுகளிலிருந்து இன்றும் புதிய உயிரினங்கள் விவரிக்கப்பட்டு வருகின்றன. தோட்டங்களின் இடையிடையே எஞ்சிய சோலைகளில், எவரும் பெயரிடாத அந்துகள் இன்னும் விளக்கொளிக்கு வருதல் கூடும். இன்று அவற்றை ஆராயப் புகுவோர்க்கு நுணுக்குக்காட்டியோடு மரபணுச் சோதனையும் துணைநிற்கின்றது. அவர்களுட் சிலர் அத்தோட்டங்களிலே பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணாக்கராகவும் இருத்தல் தகும். இலைச்சுருட்டுப் புழுவின் வரலாறு அவர்களுக்கு விட்டுச் செல்லும் பாடம் சுருக்கமானது. பெயரிடுதல் அறிவின் வாயில். வாயிலைத் திறந்தவர் பெயர் ஏட்டில் நிற்பது முறையே. உள்ளே புகுந்து நாள்தோறும் நோக்கியவர் பெயரும், கண்டதை முதலிற் சொன்னவர் பெயரும், பூச்சியின் கீழ்ச் செருகும் அச்சிறு கடதாசியில் இனியேனும் இடம்பெறுதல் வேண்டும்.